வரப்பில் யாரும் நடக்கவில்லை

மோட்டார் சைக்கிளுக்கு சைடு ஸ்டாண்டு போடுவது பஞ்சநாதன் காலேஜ் காலத்திலிருந்து செய்துவருகிற வேலை. அதில் அவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் உப்பளத்து வரப்பின் ஓரத்தில் ஸ்டாண்டு போடலாமா என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவனும் யாரையும் கேட்கவில்லை. வண்டி முதலில் ஏதோ யோசிப்பதுபோல லேசாகச் சாய்ந்தது. அப்புறம் யோசித்து முடித்துவிட்டதுபோல வரப்பில் ஒரு துண்டையும் இழுத்துக்கொண்டு பாத்திக்குள் படுத்தது.

வண்டி விழுந்ததோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. வரப்புக்கு இந்தப் பக்கத்துப் பாத்தியில், மறுநாள் வாரிவிடலாம் என்கிற பதத்தில் உப்பு வெள்ளைவெளேரென்று உறைந்து கிடந்தது. அந்தப் பக்கத்துப் பாத்தியில் புதுசாக இறைத்த தண்ணீர் காயக் காத்திருந்தது. உடைந்த இடம் வழியாக அந்தத் தண்ணீர் சலசலவென்று இந்தப் பக்கம் வந்தது. வந்த தண்ணீரில் உப்பு, அத்தனை நாள் வெயிலையும் மறந்துவிட்டுக் கரைய ஆரம்பித்தது.

பஞ்சநாதன் முதலில் உடைப்பைக் கையால் அடைத்தான். பிறகு செருப்பால் அடைத்தான். பிறகு தோளில் தொங்கிய வரைபடச் சுருளால் அடைத்தான். எதுவும் ஆகாமல் கடைசியில் தானே போய் அதில் உட்கார்ந்துவிட்டான். நல்ல அகலமான உடம்பு. தண்ணீர் நின்றது.

உப்பளக்காரர் சக்கரபாணி தலையில் துண்டும் தோளில் மண்வெட்டியுமாக ஓடி வந்தபோது, பாண்டிச்சேரியிலிருந்து வந்த பாதைத் திட்ட அதிகாரி அவருடைய வரப்பில் ஒரு அணையாக உட்கார்ந்திருந்தான்.

சக்கரபாணி பாத்தியைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். வெயிலில் காய்ந்து காய்ந்து முகத்தில் கோபம் எது, சிரிப்பு எது என்று கண்டுபிடிக்க முடியாதபடி ஆகியிருந்தது.

"எழுந்திருங்க சார்" என்றார். "நீங்க குந்திக்கினு இருந்தா மண்ண எங்க போடறது?"

பஞ்சநாதன் அன்றைக்கு அங்கே வந்ததே அந்த வரப்பைக் கேட்பதற்காகத்தான்.

திண்டிவனத்துக்காரன். சிவில் டிப்ளமா. அதுவரைக்கும் காம்பவுண்டுச் சுவர் எழுப்புவதை மேற்பார்வை பார்த்து வயிறு வளர்த்தவன். சுனாமிக்குப் பிறகு பாண்டிச்சேரியில் முளைத்த தொண்டு நிறுவனங்களில் ஒன்று, 2005 கோடையில் அவனைக் கூப்பிட்டு வேலை கொடுத்தது. கழுவெளி என்கிற உப்புத்தண்ணீர் ஏரியின் கரையை ஒட்டி, குப்பங்களையும் உள்ளே இருக்கிற ஊர்களையும் சேர்த்து ஒரு பாதை. நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம். இரண்டு பக்கமும் மரம், நடுநடுவே உட்கார பெஞ்சு. 'பசுமை வழித்தடம்' என்று பெயர். நிறுவனத்தின் டைரக்டரம்மா எங்கோ வெளிநாட்டில் ஒரு ஆற்றங்கரையில் அப்படியொன்றைப் பார்த்துவிட்டு வந்து ஒரு போட்டோவும் காட்டினார். போட்டோவில் அரைக்கால் சட்டை போட்ட கிழவர் ஒருவர் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு பெண் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். ஓரமாக ஒரு நாய். இதில் நாய்க்கு மட்டும் நம் பக்கத்தில் பஞ்சமில்லை என்று பஞ்சநாதன் நினைத்துக்கொண்டான். ஆனால் சொல்லவில்லை. வேலை புதுசு.

வரைபடத்தில் பச்சைக் கோடு அழகாக ஓடியது. கீழ்ப்புத்துப்பட்டுப் பக்கமிருந்து வடக்கே வந்து, சவேரியார்குப்பம் வரைக்கும் வந்து, நின்றுவிட்டது. அங்கிருந்து வடதாங்கலுக்குப் போக ஓடையின் மேல் ஒரு மரப்பாலம் இருந்தது. டிசம்பரில் வந்த அலை அதைத் தீக்குச்சி மாதிரி ஒடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டது. இப்போது அங்கே தண்ணீரும் இடுப்பளவு சேறும்தான். ஓடையின் தலைப்பைச் சுற்றிக்கொண்டு காலை நனைக்காமல் ஊருக்குப் போகவேண்டுமென்றால் இருப்பது ஒரே மேடு, சக்கரபாணியின் பெரிய வரப்பு.

"அவர் ஆமான்னு சொன்னாலும் சரி, இல்லைன்னு சொன்னாலும் சரி, பஞ்சநாதன். பதிலோட வாங்க. பதில் இல்லாம வராதீங்க" என்று டைரக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார்.

இவன் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே வரப்பை உடைத்துவிட்டான்.

வண்டியை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றி மரக்காணத்துக்கு அனுப்பினார்கள். மெக்கானிக் இருசப்பன் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, "கார்ப்பரேட்டர் பூரா உப்பு சார். பார்ட்ஸ் பாண்டிலேருந்து வரணும்" என்றான். எப்போது வரும் என்று கேட்டதற்கு "வந்துரும்" என்றான். பஸ் ஏறிப் போய்விடலாம்தான். ஆனால் வண்டி பஞ்சநாதனுடையது இல்லை, மச்சானுடையது. வண்டி இல்லாமல் திண்டிவனத்துக்குப் போக முடியாது, பதில் இல்லாமல் பாண்டிக்குப் போக முடியாது. நடுவில் இருப்பது வடதாங்கல். அங்கே சக்கரபாணி வீட்டு மாடி அறை. யூரியா மூட்டைகள், சுற்றாத ஃபேன், தலைக்குமேல் ஆஸ்பெஸ்டாஸ்.

"எங்க போவீங்க சார் இந்த வெயில்ல? இங்கயே தங்குங்க" என்றார் சக்கரபாணி. அதில் அன்பு இருந்ததா தண்டனை இருந்ததா என்று அவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியவில்லை.

முதல்நாள் ராத்திரி சாப்பாட்டில் மெல்ல ஆரம்பித்தான்.

"அந்தப் பெரிய வரப்பு விஷயமா ஒரு வார்த்த..."

"பாப்போம் சார். பாத்தி மொதல்ல உறையட்டும்."

"என் மேல கோவமா இருக்கீங்களா?"

"எனக்கா? ஏம்மே சரசு, சாருக்கு இன்னொரு தோச போடு."

அவர் மனைவி சரஸ்வதி இன்னொரு தோசை போட்டாள். அதைத் தின்று முடித்து அவன் மறுபடி வாயைத் திறந்தான். மறுபடியும் தோசை வந்தது. அந்த வீட்டில் கேள்விக்கெல்லாம் தோசைதான் பதில் என்று புரிவதற்குள் அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது.

மறுநாள் மத்தியானம் மீன் குழம்பு. சங்கரா. கண் இன்னும் பளபளவென்று இருந்த மீன். பஞ்சநாதன் பேச்சுக்குக் கேட்டான், "இவ்ளோ ஃப்ரெஷ்ஷா எங்கங்க வாங்கறீங்க?"

"வருது சார்" என்றாள் சரஸ்வதி.

"யாரு கொண்டாறாங்க?"

"வரும். நீங்க முள்ளு பாத்துத் துன்னுங்க."

சவேரியார்குப்பத்துக்கு அவன் மெயின் ரோடு போய், பஸ் பிடித்து, இறங்கி, மணலில் நடந்து போய்ச் சேர்ந்தான். கண்ணுக்கு எதிரே தெரிகிற ஊருக்குப் போய்ச்சேர அரை நாள் ஆனது. அங்கே வீடுகள் இன்னும் தார் ஷீட் கொட்டகைகளாகவே இருந்தன. கோயிலுக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் கஸ்பார் கோயில் நிழலில் வலையைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பாத வந்தா நல்லதுதான் சார். யாரு வேணாம்னா? ஆனா எடம் அவரோடது. அவரு சொல்லட்டும்."

"நீங்க வந்து கேட்டா சொல்லுவாரோ என்னமோ."

"நாங்க எதுக்குங்க கேக்கணும்? பாத போடறது நீங்க."

"நான் கேட்டா பாப்போம்ங்கறாரு."

"அப்ப பாப்போம்" என்று கஸ்பார் வலைக்குத் திரும்பிவிட்டார்.

சாயங்காலம் சக்கரபாணியிடம் இதைச் சொன்னால், "அவங்க வந்து கேக்கட்டும் சார், அப்பறம் பாப்போம்" என்பார். இந்த இரண்டு பாப்போமுக்கும் நடுவே பஸ்ஸில் போய்ப் போய் வந்து பஞ்சநாதனின் முதுகு வளைந்ததுதான் மிச்சம்.

குப்பத்தில் ஒருநாள் மீன்கூடையைக் கவிழ்த்துப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுத்தான். அன்னமேரி என்று பெயர். நாற்பத்தைந்து வயசிருக்கும். அலை அவள் வீட்டுப் படகை இரண்டாகப் பிளந்துவிட்டிருந்தது. புருஷன் அடுத்தவன் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். அவன் கொண்டுவரும் பங்கு மீனை உள் ஊர்களில் விற்றால்தான் வீட்டில் அடுப்பு எரியும்.

"பாலம்தான் போச்சே, மீன ஊருக்கு எப்படிக் கொண்டு போறீங்க?"

"கொண்டு போறோம்."

"பஸ்ஸுலயா?"

"கூடையப் பாத்தாலே கண்டக்டரு விசில் அடிச்சிருவான். நாத்தமாம். அவன் வூட்டுக் கொழம்பு மட்டும் மணக்கும்போல."

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அப்ப ஆட்டோவா?"

"ஆட்டோக்காரனுக்குக் குடுத்தா அப்பறம் மீனு அவனோடது சார், கூடை மட்டும் என்னோடது. வெயில் ஏறதுக்குள்ள வடதாங்கலத் தாண்டிரணும். ஏறிடுச்சுன்னா கருவாட்டுக்குக்கூட ஆவாது. சுத்திக்கினு போனா சோறு இல்ல, அவ்ளோதான்."

"அதான் கேக்கறேன், எப்படித்தான் போறீங்க?"

அன்னமேரி கூடையை நிமிர்த்தி, ஒரு கண்ணை மூடி அவனைப் பார்த்தாள். "சுனாமிக்கு அப்பறம் எங்கள வந்து கேள்வி கேட்டவங்கள வரிசையா நிக்க வெச்சா, பொம்மையார்பாளையம் வரைக்கும் நிப்பாங்க. ஆமா, நீங்க அந்தப் பாத்தில குந்தினவருதானே?"

இந்தத் தடவை கோயில் பக்கத்திலிருந்து கஸ்பாரும் சிரித்தார். தன்னுடைய புகழ் தனக்கு முன்பே ஓடையைத் தாண்டிவிட்டது என்று பஞ்சநாதனுக்குத் தெரிந்தது. எந்த வழியாகத் தாண்டியது என்று அவன் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

மாடி அறையில் ராத்திரி தூக்கமில்லை, பகலில் உட்கார முடியவில்லை. வெளியே வந்தால் மூன்று பக்கமும் உப்பு. வெள்ளை, வெள்ளை, கண்ணைக் கூச வைக்கிற வெள்ளை. நான்காவது பக்கம் தெரு. தெருவில் இறங்கினால் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாம் "சாப்டீங்களா சார்?" என்று கேட்டார்கள். திட்டினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. திட்டினால் பதில் சொல்லலாம், சண்டை போடலாம், கோபித்துக்கொண்டு போய்விடலாம். சாப்டீங்களா என்பவர்களிடம் என்ன கோபித்துக்கொள்வது? உதட்டை நக்கினால் உப்பு. சட்டை காய்ந்தால் விறைத்து, மாட்டுகிற ஆணி இல்லாமலேயே நின்றது. நாள் ஆக ஆக அவனுக்குத் தானே ஒரு பாத்திக்குள் இறைத்து விடப்பட்ட தண்ணீர்போலத் தோன்றியது. நாலு பக்கமும் வரப்பு கட்டிவிட்டு, உறையட்டும் பாப்போம் என்று எல்லாரும் காத்திருக்கிறார்கள்.

செல்போன் சிக்னல் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு காலை வைத்தால்தான் வரும்.

"என்ன சொல்றார்?" என்பார் டைரக்டரம்மா.

"பாப்போம்ங்கறார் மேடம்."

"பாப்போம்னா ஆமாவா, இல்லையா?"

"பாப்போம்னா... பாப்போம் மேடம்."

"பஞ்சநாதன், நீங்க அங்க என்னதான் பண்றீங்க?"

"சாப்பிடறேன் மேடம்" என்றான் அவன். அது ஒன்றுதான் உறுதியாகச் சொல்லக்கூடிய பதிலாக இருந்தது.

அப்படி ஒரு விடியற்காலையில், வெக்கை தாங்காமல் மொட்டை மாடிக்கு வந்து தொட்டியில் சாய்ந்து நின்றபோதுதான் அதைப் பார்த்தான்.

வெளிச்சம் அப்போதுதான் வந்திருந்தது. பெரிய வரப்பின் முனையில் சக்கரபாணி நின்றுகொண்டிருந்தார். கிழக்கே ஒருமுறை பார்த்தார். பிறகு மோட்டார் கொட்டகைக்குள் போய்த் தகரக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே ரேடியோ அலறியது. கொஞ்ச நேரத்தில் வரப்பின் அந்தக் கோடியில் பெண்கள் தெரிந்தார்கள். தலையில் கூடை, கையில் செருப்பு, ஒருத்தி பின்னால் ஒருத்தி. மீன் தண்ணீர் ஒரு சொட்டும் உப்பில் விழாதபடி கூடைக்கு அடியில் பிளாஸ்டிக் ஷீட் கட்டியிருந்தார்கள். எந்நேரமும் வாய் ஓயாத அந்தப் பெண்களில் ஒருத்திகூடப் பேசவில்லை. கொட்டகையைத் தாண்டும்போது கடைசியாக வந்தவள், அங்கே கம்பத்தில் தொங்கிய பழைய பெயின்ட் டின்னுக்குள் வாலைப் பிடித்து எதையோ போட்டாள். ரோட்டுக்கு ஏறியதும் செருப்பை மாட்டிக்கொண்டார்கள். சிரிப்புச் சத்தமும் வந்தது. ரேடியோ நின்றது. கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த சக்கரபாணி, டின்னை எடுத்து எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ மேலேயிருந்து விழுந்த மாதிரி வானத்தை ஒருமுறை பார்த்தார்.

இதில் புத்தியுள்ளவன் பார்க்க எவ்வளவோ இருந்தது. பஞ்சநாதன் பார்த்தது ஒன்றைத்தான். பாதை! நாம் தேடுகிற பாதை! ஏற்கனவே ஜனங்கள் நடந்துகொண்டிருக்கிற பாதை! மாடிப்படியில் குதித்து இறங்கி நேரே அடுப்படிக்கு ஓடினான்.

"வரப்பு மேல பொம்பளைங்க வர்றாங்க! நானே பாத்தேன்!"

சரஸ்வதியின் கையில் கரண்டி நின்றது. "பனியா இருந்திருக்கும் சார்."

"மே மாசத்துல பனியா?"

"இங்க எல்லா மாசமும் பனிதான்" என்றாள். அன்றைக்குத் தோசை கருகியிருந்தது.

பஞ்சநாதன் கூட்டம் போட்டான். மெயின் ரோட்டோரம் நிவாரணப் பொருள்கள் கொடுப்பதற்காகப் போட்ட தகரக் கொட்டகைக்குச் சக்கரபாணி வந்தார். கஸ்பார் வந்தார். இவன் கேட்டுக்கொண்டதற்காக உப்பு ஆபீசிலிருந்து சூப்பர்வைசர் ஒருவரும் வந்தார். பாத்தி நிலம் சர்க்காருடையது, சக்கரபாணி அதில் குத்தகைதாரர். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் பாப்போமுக்கு இடமிருக்காது என்பது இவன் கணக்கு.

வரைபடத்தைப் பிரித்தான். உடைப்பை அடைத்த அந்தச் சுருள்தான். சேறு காய்ந்து வங்காள விரிகுடா இருந்த இடமெல்லாம் பழுப்பாக இருந்தது.

"புதுசா நாம எதுவும் கேக்கல" என்று ஆரம்பித்தான். குரலில் தேர்தல் கூட்டத்துக் கம்பீரம். "இந்த வரப்பு ஏற்கனவே பாததான். தெனம் விடிகாலையில குப்பத்துப் பொம்பளைங்க மீன்கூடையோட இதுமேலதான் வர்றாங்க. இருக்கற வழிக்கு நாம ஒரு பேர் வெக்கிறோம், அவ்ளோதான்!"

கை தட்டுவார்கள் என்று எதிர்பார்த்தான். தகரத்தின்மேல் காக்கை நடக்கிற சத்தம் கேட்டது.

சூப்பர்வைசர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் காதில் விழுந்துவிட்டதே. "யாரு நடக்கறாங்க? என்ன சக்கரபாணி, குத்தகை எடத்துல பொது வழி விட்டா குத்தகை கேன்சல்னு உங்களுக்குத் தெரியாதா?"

"யாரும் நடக்கல சார்" என்றார் சக்கரபாணி.

சூப்பர்வைசர் கஸ்பாரைப் பார்த்தார்.

"எங்க பொம்பளைங்க யாரும் நடக்கல சார்" என்றார் கஸ்பார்.

இத்தனை நாளும் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். பஞ்சநாதனுக்கு முதல்முறையாகக் கிடைத்த திட்டவட்டமான பதில், பொய். அங்கேயாவது அவன் வாயை மூடியிருக்கலாம்.

"நானே கண்ணால பாத்தேன் சார்!"

"அப்ப சரி" என்று சூப்பர்வைசர் எழுந்தார். "இவங்க இல்லைன்றாங்க, நீங்க பாத்தேன்றீங்க. நீங்கதான் அங்கயே தங்கியிருக்கீங்களே. இனிமே யாராச்சும் நடந்தா நீங்களே எனக்குச் சொல்லுங்க. நீங்க வெளியூரு, உங்களுக்குப் பொய் சொல்ல வேண்டியதில்ல."

வெளியே வந்ததும் சக்கரபாணி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. சாப்பிடச் சொல்லவும் இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு அதிசயம் நடந்தது. இருசப்பன் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினான். கழுவித் துடைத்துப் புது மாப்பிள்ளைபோல இருந்தது.

"பார்ட்ஸ் வந்துருச்சா?"

"பார்ட்ஸே வேணாம் சார், ஓடுது" என்றான் அவன். கூலிகூட வாங்கிக்கொள்ளவில்லை.

சரஸ்வதி எலுமிச்சம்பழச் சோற்றை இலையில் கட்டிக் கொடுத்தாள். "காலைல வெயிலுக்கு முன்ன கெளம்பினா நல்லது சார்." சக்கரபாணி டயரை அழுத்திப் பார்த்து, "காத்து நல்லா இருக்குது" என்றார்.

எத்தனை நாளாக இந்தக் கதவு திறக்காதா என்று கிடந்தவன்! இப்போது அகலமாகத் திறந்து, வழிச்சோறும் கட்டிக் கொடுத்தாயிற்று. பஞ்சநாதனோ உருகிப்போனான். இவ்வளவு நல்லவர்களை இப்படி மாட்டிவிட்டு எப்படிப் போவது? கூடாது. இருந்து எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டுத்தான் போகவேண்டும். வண்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மாடிக்கு ஏறினான். கீழே சரஸ்வதி புருஷனிடம் ஏதோ சொன்னதும், அவர் தலையில் கை வைத்துக்கொண்டதும் அவனுக்குத் தெரியாது.

விடிந்தது. மாடியிலிருந்து பார்த்தான். சக்கரபாணி வரப்பின் முனையில் நின்றார். மோட்டார் கொட்டகையின் கதவு திறந்து கிடந்தது. ரேடியோ இல்லை. அந்தக் கோடியில் பெண்கள் வந்து நின்றார்கள். அவர்கள் நின்றார்கள், அவரும் நின்றார். நடுவே வெறும் வரப்பு. சூரியன் கடலுக்குமேல் கை அகலம் ஏறியிருந்தது. யாரும் அசையவில்லை.

பஞ்சநாதன் இறங்கி ஓடினான்.

"நான் சொன்னது பொய்னு அந்த சூப்பர்வைசர்கிட்டயே போய்ச் சொல்லிடறேங்க. அவங்கள விடுங்க."

"எவங்கள?" என்றார் சக்கரபாணி, எதிரே பார்த்தபடி.

"அதோ, அங்க நிக்கறாங்களே!"

"அங்க யாரும் இல்ல சார்."

"மீன் வீணாப் போயிடும்ங்க. நீங்களே பாருங்க!"

"நீங்கதான் பாக்கறீங்க. நான் எதையும் பாக்கல" என்றார். அப்போது அவர் குரல் உடைந்தது. கோபத்தில் இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. இவ்வளவு பெரிய மனிதர் தன்னிடம் எதற்குக் கெஞ்சுகிறார் என்று பஞ்சநாதனுக்கு விளங்கவில்லை.

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். வரப்பில் இறங்கி நடந்தான். அவன் உடைத்த இடத்தில் புது மண் இன்னும் கறுப்பாக இருந்தது. பக்கத்துப் பாத்தியில் உப்பு மறுபடி பூக்க ஆரம்பித்திருந்தது. நடுவில் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பின்னால் அவர், முன்னால் அவர்கள், இரண்டு பக்கமும் தண்ணீர். திரும்ப இடமில்லாத ஒற்றை மேட்டில் தான் மட்டும் அகலமாக அடைத்துக்கொண்டு நிற்பது அவனுக்கே தெரிந்தது. முதல்நாளும் இப்படித்தான் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்ற நினைப்பு வந்தது. சிரிப்பு வரவில்லை.

பெண்கள் கூடையை இறக்காமல் நின்றார்கள். வெயில் ஏற ஏறக் கூடைகளிலிருந்து வாடை கிளம்பியிருந்தது. ஒரு கூடைமேல் ஈ மொய்க்க ஆரம்பித்தது. முன்னால் அன்னமேரி. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பின்னால் ஒருத்தி முணுமுணுத்தாள், "வந்துட்டாரு பாரு, பாத போட."

"அக்கா" என்றான் பஞ்சநாதன். "எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் இந்த ஊருக்கு வந்த நாள்லேருந்து யாருமே எனக்கு ஒரு பதில் நேராச் சொன்னதில்ல. பாப்போம்ங்கறாங்க, வரும்ங்கறாங்க, பனிங்கறாங்க. என்னால உங்களுக்குச் சோறு போயிடக் கூடாது. பாத வேணாம்னா வேணாம், கோட்ட அழிச்சிடறேன். கால்ல விழணும்னாலும் விழறேன். இப்ப நான் என்ன செஞ்சா இது சரியாவும்? நேராச் சொல்லுங்க."

அன்னமேரி அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். கையில் பிடித்திருந்த செருப்பில் அவள் பார்வை ஒரு நொடி நின்றது. அவள் முகம் கொஞ்சம் இளகியது.

"நேராவா?"

"நேரா."

"கேட்டுட்டு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கக் கூடாது."

"மாட்டேன்க்கா."

"வண்டிய எடுத்துக்கினு ஊருக்குப் போயிரு தம்பி" என்றாள். "நீ பாத்துக்கினு நிக்கிற வரைக்கும் அந்த மனுசன் உள்ள போய்க் கதவச் சாத்த முடியாது. போறப்ப திரும்பிப் பாக்காத."